ரிட்டன் அக்கா கோர்ஸ் தேர்ந்தெடுத்த கதை

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் குடோனுக்கும் நடுவே, ஒரு நீள மேசை இருக்கிறது. வாங்கிப் போன பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அதன் முன்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறவரைக் கடையில் எல்லோரும் 'ரிட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார், அக்காவைவிட அவர் நாலு வயது மூத்தவர் என்றாலும்.

அந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பெட்டியை மேசைமேல் வைக்கும் சத்தத்திலேயே கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடை கொடுத்திருக்கும் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: பழுது, தவறான பொருள், பிடிக்கவில்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடித்து ஆளை அனுப்பிவிடலாம். அக்காவால் அது முடியாது. "பிடிக்கலைன்னா, எது பிடிக்கலை?" என்று கேட்டுவிடுவார். கோபமாக வந்தவர்கள், கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று உட்காராத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

ஒருவர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. அதைப் போட்டால் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது, சாயங்காலம் வரை வெளியே வருவதில்லை. இன்னொரு அம்மா மின்சாரக் கெட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் கொதித்ததும் அது 'டக்' என்று தானே அணையும் சத்தத்தில் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. ஒரு மூதாட்டிக்குக் கெட்டில் மூடியை அழுத்தித் திறக்க விரலில் பலம் போதவில்லை. கடையில் விற்றவர் தானே திறந்து காட்டியதால் அவருக்கு அது தெரியாமல் போயிருந்தது.

இப்படிக் கேட்டுக் கேட்டு அக்காவிடம் ஒரு தனிப் படிப்பே சேர்ந்துவிட்டது. ஒரு பொருள் எப்படி வேலை செய்யும் என்பது செய்தவருக்குத் தெரியும். அது ஏன் ஒரு வீட்டில் ஒட்டாமல் திரும்பி வருகிறது என்பது அக்காவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் படிப்பை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் அதைப் படிப்பு என்று நினைத்ததில்லை.

ஒரு வாரத்தில் மூன்று பேர் ஒரே மாதிரி இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் பள்ளி வேன் ஓட்டுநர்.

"ஒரு வெப்சைட்ல இதுதான் நம்பர் ஒன்னுன்னு போட்டிருந்துச்சுங்க. ஒயர் தானா உள்ள சுருட்டிக்கும்னு எழுதியிருந்தான். எங்க சுருட்டுது? தினம் நான்தான் சுருட்டிக்கிட்டிருக்கேன்."

"அந்த வெப்சைட் பேரு என்னங்க?" என்று கேட்டு அக்கா படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

மதிய இடைவேளையில் குடோனில், ஃப்ரிட்ஜ் அட்டைகள்மேல் உட்கார்ந்து போனில் அதைத் திறந்து பார்த்தார். 'தலைசிறந்த ஏழு இஸ்திரிப் பெட்டிகள்.' முதலிடத்தில் அதே மாடல். எழுதியவர், 'ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இதைத்தான் பயன்படுத்துகிறோம்' என்று உருகியிருந்தார். அந்த மாடல் சந்தைக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் லோடு இறங்கிய நாள் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. ஒரு மனிதன் வேலை மெனக்கெட்டு, பார்க்காத இஸ்திரிப் பெட்டியைப் பற்றி இரண்டாயிரம் சொல் எதற்காக எழுத வேண்டும்?

பதில் வீட்டு மாடியிலேயே இருந்தது. அவருடைய நாத்தனார் மேல் போர்ஷனில் குடியிருக்கிறார். ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. ஒரு நோயாளி உள்ளே போய் வாயைத் திறந்தால் அடுத்தவரைக் கூப்பிட அரைமணி ஆகும். அந்த அரைமணிகளிலெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று நாத்தனாருக்கு அத்துப்படி. சாயங்காலம் இருவரும் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்குப் பேரு அஃபிலியேட், அண்ணி. அவன் போட்டிருக்கற லிங்க்கை அமுக்கி உள்ள போயி நீங்க வாங்கினா, விக்கிறவங்க அவனுக்குக் கொஞ்சம் கமிஷன் குடுப்பாங்க."

"அவன் அதைத் தொட்டே பாக்கலையேம்மா."

"தொடணும்னு யாரு சொன்னா? எழுதினா போதும்."

"சரி, வாங்கினவங்க திருப்பிக் குடுத்துட்டா?"

"கமிஷனும் திரும்பிப் போயிடும்."

அக்கா போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "அப்ப என் மேசைக்கு ஒரு பெட்டி வர்றப்பல்லாம், எங்கயோ ஒருத்தன் தலையில கை வெச்சிட்டு உக்காந்திருக்கான்னு சொல்லு!"

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் போர்வையின் மறுமுனையைக் கீழே போட்டுவிட்டு அண்ணியையே பார்த்தார். "தொடாதவனே இவ்வளவு எழுதறான். பதினாலு வருஷமா தொட்டுக்கிட்டே இருக்கீங்க. நீங்க எழுதினா என்ன அண்ணி?"

விதை அப்படித்தான் விழுந்தது. ஆனால் அக்காவுக்கு வெப்சைட்டைப் பார்க்கத் தெரியுமே தவிரக் கட்டத் தெரியாது. நாத்தனாருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு ஆன்லைன் கோர்ஸ் படிப்பது, கட்டணத்தை ஆளுக்குப் பாதி போடுவது என்று முடிவானது. அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எங்ககிட்ட வர்றவன் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? எத்தனை நாள்ல லைசென்ஸ் வாங்கித் தருவீங்கன்னுதான். வண்டி ஓட்ட வருமான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நீங்க ரெண்டு பேரும் அதையாவது கேளுங்க."

தேடத் தொடங்கிய இரண்டாம் நாளே கோர்ஸ்கள் வெள்ளமாக வந்து விழுந்தன. வடிகட்டி வடிகட்டி மூன்றில் வந்து நின்றார்கள். சொல்லிக்கொடுப்பவர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் மூவருக்கும் பட்டப்பெயர் வைத்தாயிற்று.

முதலாமவர் கார் மாஸ்டர். எந்த வீடியோவிலும் ஒரு காரில் சாய்ந்தபடியேதான் பேசுவார். தொண்ணூறு நாளில் நீங்கள் வேலையை விட்டுவிடலாம் என்பார். கட்டணம் அக்காவின் மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல். பக்கத்தின் உச்சியில் ஒரு சிவப்புக் கடிகாரம் பின்னோக்கி ஓடும்: சலுகை முடிய இன்னும் மூன்று மணி நேரம். இரண்டாமவர் கடல் சார். வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று, இருநூற்றுப் பன்னிரண்டு பாடம் எடுத்திருந்தார். அக்காவின் கணவர் ஒரு பாடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு இன்ஜினைக் கழட்டி மாட்டச் சொல்லிட்டுத்தான் சாவியையே குடுப்பாரு போல" என்றார். மூன்றாவது ஒரு அம்மா. முகத்தைக் காட்டவே இல்லை. கணினித் திரையும், நடுநடுவே தாளில் எழுதிக் காட்டும் இரண்டு கைகளும்தான். அவர் விரல் டீச்சர். பதினோரு பாடம். கட்டணமும் குறைவு. பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்கும். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, அது நிற்கும்வரை அவரும் நிற்பார்.

எது நல்லது என்று தெரிந்துகொள்ள, நாத்தனார் 'சிறந்த கோர்ஸ் எது' என்று தேடினார். ஒப்பிட்டு எழுதிய பக்கங்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்பது பக்கம் பார்த்தார்கள். எட்டில் கார் மாஸ்டர்தான் முதலிடம்.

"பாத்தீங்களா அண்ணி? எட்டு பேரு சொல்றாங்க."

அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் அடிவரை தள்ளிக்கொண்டே போனார். கடையிலும் அவருக்கு அதே பழக்கம். உத்தரவாதச் சீட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. இந்தப் பக்கத்தின் வழியாக நீங்கள் கோர்ஸ் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். கார் மாஸ்டரின் தளத்துக்கே போய்த் தேடியதில் அந்தக் கமிஷன் எவ்வளவு என்றும் தெரிந்தது: கட்டணத்தில் பாதி. கடல் சார் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். விரல் டீச்சர் யாருக்கும் எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

"அடேங்கப்பா" என்றார் அக்கா. "அஃபிலியேட் சொல்லிக்குடுக்கற கோர்ஸையே அஃபிலியேட் போட்டுத்தான் விக்கிறாங்க! இந்த எட்டு பேருல ஒருத்தராவது அந்தக் கோர்ஸைப் படிச்சிருப்பாங்களா?"

புதிதாக ஒரு இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தது போல அவர் முகம் மலர்ந்திருந்தது. நாத்தனாருக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப யாரைத்தான் நம்பறது?"

"வாங்கினவங்களைக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. காசு போட்டிருக்காங்கல்ல, மனசு ஒத்துக்காது. திருப்பிக் குடுத்தவங்களைக் கேக்கலாம்."

இணையத்தில் சின்னச் சின்ன வெப்சைட் நடத்துகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு குழு இருந்தது. அதில் அக்கா நாலு வரி எழுதினார். 'இந்த மூன்று கோர்ஸில் எதையாவது வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? ஏன் கேட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. குறை சொல்வதற்காக அல்ல.' கீழே தன் போன் நம்பரும் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு நம்பர் கொடுப்பதா என்று கணவர் கேட்டதற்கு, "தினம் நூறு முன்பின் தெரியாதவங்க என்னைத் திட்டிட்டுப் போறாங்க, போன்ல நாலு பேரு கூடினா என்ன?" என்றார்.

பதில் வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அன்று பல் மருத்துவரிடம் கூட்டம் குறைவு. நாத்தனார் போனைத் திறக்க, காலையிலிருந்து மூடாமல் வைத்திருந்த பக்கத்தில் சிவப்புக் கடிகாரம் பதினெட்டு நிமிடம் என்றது. பிறகு பத்து. பிறகு நான்கு. கை பரபரத்துவிட்டது. முழுக் கட்டணத்தையும் தன் கார்டிலிருந்தே கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நேராக அண்ணியிடம் போனார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. நேரம் முடிஞ்சா விலை ரெண்டு மடங்காயிடும்னு போட்டிருந்துச்சு. உங்க பங்கு வேண்டாம். நானே போட்டுட்டேன்."

அக்கா அவரை ஒரு நொடி பார்த்தார். மனதுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. சேர்ந்து செய்வதாகப் பேசியதல்லவா? ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை, வருத்தத்தை முந்திக்கொண்டது. "சரி விடு. வாங்கியாச்சு. பெட்டியைப் பிரி, பாக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை அக்கா தன் போனில் கார் மாஸ்டரின் பக்கத்தைத் திறந்தார். சிவப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: இன்னும் மூன்று மணி நேரம். மூடிவிட்டுத் திறந்தார். மறுபடியும் மூன்று மணி. விலை அதே விலை. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாத்தனார் தானும் இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் முதல் போன் வந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். அளந்து அளந்தே பேசினார்.

"அம்மா, நீங்க கேட்டிருந்தீங்க. நான் அந்தக் கார்க்காரர் கோர்ஸ் வாங்கினவன். பணம் திரும்பக் கேட்டேன், கிடைக்கலை. ஏன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன்."

"முதல் நாலு பாடம் நல்லாத்தான் இருக்கும். அஞ்சாவது பாடம் முழுக்க, இதுக்கு அடுத்த பெரிய கோர்ஸை வாங்கச் சொல்றதுதான். சரி, வேண்டாம்னு கேட்டேன். ஆறு ஹோம்வொர்க்கையும் முப்பது நாளுக்குள்ள முடிச்சுக் காட்டினாத்தான் ரீஃபண்டுன்னாங்க. முடிச்சுருவோம்னு உக்காந்தேன். ஆறாவது ஹோம்வொர்க் எப்பத் திறக்கும்னு நினைக்கறீங்க?"

"எப்ப ஐயா?"

"முப்பத்தொண்ணாவது நாள்."

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினான்கு வருடத்தில் எத்தனையோ ரீஃபண்டு விதிகளைப் பார்த்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "யோசிச்சிருக்கான் ஐயா" என்றார், மெச்சுகிற குரலில். "யாரோ உக்காந்து நல்லா யோசிச்சிருக்கான்."

கடல் சாரைப் பற்றி எழுதியவர் ரொட்டி அடுமனையில் வேலை பார்ப்பவர். அவரிடம் புகாரே இல்லை. நாற்பது பாடம் பார்த்தாராம். அதுவரைக்கும் வெப்சைட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். 'கிணறு நல்ல கிணறுதான். என் வாளிதான் சின்னது' என்று முடித்திருந்தார். கேட்ட பணம் பத்து நாளில் திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தார்.

விரல் டீச்சரைப் பற்றி ஒரே ஒருவர்தான் பேசினார், ஒரு நர்ஸ். "ஒரு வருஷம் ஆகும், அதுக்கப்புறமும் வருமான்னு சொல்ல முடியாதுன்னு முதல் பாடத்துலயே சொன்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு நினைச்சேன். நிஜமாத்தான் சொல்லியிருக்காங்க! எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல, கேட்டேன், அன்னிக்கே திருப்பிட்டாங்க. ஆனா ஒண்ணு, அந்தப் பாடமெல்லாம் மூணு வருஷத்துப் பழசு. அவங்க காட்டற பட்டன் இப்ப அந்த இடத்துல இருக்காது. தேடித் தேடிக் கண்ணு வலிச்சிடும்."

இதற்குள் நாத்தனார் ஐந்தாவது பாடத்துக்கு வந்திருந்தார். நில அளவையாளர் சொன்னபடியே அது அடுத்த கோர்ஸை விற்றது. ஆறாவது ஹோம்வொர்க்கின்மேல் ஒரு பூட்டுப் படம். கீழே, முப்பத்தொன்றாம் நாள். நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன் அண்ணி. அவன்கிட்ட நல்லா நாலு கேள்வி கேக்கறேன் பாருங்க."

"ஒண்ணும் கேக்காதே. கோவமா வர்றவங்களை அனுப்பறது ரொம்ப சுலபம். தேதியோட, பில்லோட, அமைதியா வந்து நிக்கிறவங்களைத்தான் அனுப்ப முடியாது. தள்ளு, நான் எழுதறேன்."

பதினான்கு வருடத்தில் அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது அன்றுதான். கடிதம் ஐந்தே வரி. 'உங்கள் விதிப்படி ஆறு பயிற்சிகளை முப்பது நாளில் முடிக்க வேண்டும். ஆறாவது முப்பத்தொன்றாம் நாள்தான் திறக்கிறது. இரண்டுக்கும் படம் இணைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அதைத் திறந்து கொடுங்கள், அல்லது கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நன்றி.' வந்த பதில் இது: 'பாதியில் விடுகிறவர்கள் வெல்வதில்லை!' அக்கா அதைப் படித்துச் சிரித்தார். அதே ஐந்து வரியை மறுபடி அனுப்பினார். இந்த முறை கார்டு கொடுத்த வங்கிக்கும் ஒரு நகல் போனது. பன்னிரண்டாம் நாள் பணம் முழுவதும் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல்.

நில அளவையாளருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பினார். அவர் வாங்கி ஆறு மாதம் கடந்துவிட்டதால் பலிக்கவில்லை. "போகட்டும்மா, எல்லைக்கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். அதன்பின் வாரம் ஒரு தடவை போன் செய்து, எது வரை வந்திருக்கிறது என்று விசாரிப்பார்.

மிஞ்சியது இரண்டு கோர்ஸ். அங்கேதான் அக்கா உண்மையிலேயே திண்டாடினார். கடல் சாரிடம் எல்லாம் இருந்தது, எல்லாம் புதிதாகவும் இருந்தது. விரல் டீச்சரிடம் பாதி பழையது. இருவருமே முதல் பாடத்தை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அக்கா இரண்டையும் மூன்று மூன்று தடவை பார்த்தார். கடல் சார் முதல் பாடத்தில் இணையம் எப்படிப் பிறந்தது என்று விளக்கினார், சுவாரசியமாகவே இருந்தது. விரல் டீச்சர் தன்னுடைய முதல் வெப்சைட்டைத் திறந்து காட்டினார். பறவைக் கூண்டுகளைப் பற்றியது. "நான் வாழ்க்கையில பறவை வளத்ததே இல்லைங்க. எட்டு மாசம் எழுதினேன். மொத்தம் பதினோரு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் எங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டுரைகளில் எந்தெந்த வரி பொய் என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இருபது நிமிடம் அதுதான் பாடம்.

அக்கா அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாடங்கள் பழையவை என்கிறார்களே, இப்போது சேர்ந்தால் சரிப்படுமா? இரண்டு நாளில் பதில் வந்தது. 'பழையவைதான். நாலாவதும் ஏழாவதும் மோசம். நாலை மறுபடி எடுத்துவிட்டேன். ஏழை எடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார், இப்போது மாடி கட்டுகிறார். அவசரமில்லை என்றால் சேருங்கள். அவசரம் என்றால் வேண்டாம்.'

"பழைய சரக்குன்னு அவங்களே ஒத்துக்கறாங்க, அதைப் போயி வாங்கறீங்களே அண்ணி!" என்றார் நாத்தனார்.

"டிஸ்ப்ளேல வெச்சிருந்த மிஷின் மாதிரி. மேல ரெண்டு கீறல் இருக்கு. இங்க கீறல் இருக்குன்னு கடைக்காரரே காட்டறாரு. மோட்டார் நல்லா ஓடுது. எனக்கு அது போதும். நீ என்ன சொல்றே?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தார். "இந்தத் தடவை பாதிப் பணம் நீங்க போடுங்க" என்றார்.

சேருவதற்கு முன்னால் அக்கா இன்னொரு வேலையும் செய்தார். மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். "கடை பேரு வரக் கூடாது. வந்தவங்க யாருன்னு தெரியக் கூடாது. எந்தக் கம்பெனிப் பொருள் எத்தனை திரும்புச்சுங்கற கணக்கு வெளிய போகவே கூடாது. இதெல்லாம் விட்டுட்டு எழுத உங்ககிட்ட என்ன இருக்கு அக்கா?"

"மூடியை எப்படித் திறந்து பாத்து வாங்கணும்னு எழுதலாம்ல சார்?"

"அதை எழுத வேண்டாம்னு விதி எதுவும் இல்ல" என்றார் மேனேஜர்.

ஊரில் இருக்கும் எல்லாப் பொருளையும் பற்றி எழுத வேண்டாம், ஒன்றே ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்றது இரண்டாம் பாடம். அக்கா கெட்டிலை எடுத்துக்கொண்டார். புதிதாக எதையும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரும் அவரும் அளக்கும் நாடாவும் நோட்டுமாகத் தெருவில் வீடு வீடாகப் போனார்கள். "உங்க கெட்டிலைக் கொஞ்சம் பாக்கலாமா?" ஒயர் எவ்வளவு நீளம், மூடிக்குள் கை போய்க் கழுவ முடிகிறதா, டக் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறதா. சத்தத்தைச் சோதிக்க அக்காவின் கணவர்தான் அடுத்த அறையில் நிற்பார். "கேக்குது!" என்று அவர் கத்தும் சத்தத்தில் ஒரு வீட்டில் குழந்தை எழுந்தேவிட்டது. மொத்தம் பதினேழு கெட்டில். தெருவில் சிலர் இவர்களை ஏதோ சர்வே எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துத் தங்கள் மிக்சியையும் எடுத்துக் காட்டினார்கள்.

ஏழாம் பாடத்தில் அடி விழுந்தது. டீச்சர் காட்டிய இடத்தில் இருந்த பட்டனை அக்கா அமுக்கினார். இப்போது அங்கே இருந்தது வேறு பட்டன். எழுதி வைத்திருந்த ஆறு கட்டுரையும் போய்விட்டன. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஆறையும் மறுபடி எழுதினார். இரண்டாம் தடவை எழுதியது முதலில் எழுதியதைவிட நன்றாக வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. காணாமல் போன மூன்றாவது கட்டுரை மாதிரி இன்னும் ஒன்று எழுதவில்லை என்று இப்போதும் சொல்வார்.

முதல் சில மாதம் அந்த வெப்சைட்டுக்கு நாலு பேர்தான் வந்தார்கள்: அக்கா, நாத்தனார், நில அளவையாளர், விரல் டீச்சர். ஒன்பதாவது மாதம், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சத்தமில்லாத கெட்டில் எது என்ற பக்கத்துக்கு யார் யாரோ வரத் தொடங்கினார்கள். முதல் கமிஷன் வந்த நாளில் நாத்தனார் பல் மருத்துவரிடமிருந்தே போன் செய்து, "அண்ணி! ஒருத்தங்க வாங்கிட்டாங்க!" என்று கத்தியதில், உள்ளே வாயைத் திறந்திருந்தவர் பயந்து மூடிவிட்டாராம். அக்கா கேட்டது, "திருப்பிக் குடுத்துடலையே?" என்றுதான். இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். அந்தக் கெட்டில் திரும்பி வரவே இல்லை.

அக்கா வேலையை விடவில்லை. விடும் அளவுக்கு அதில் எதுவும் வரவும் இல்லை. நல்ல மாதத்தில் வீட்டு மின்கட்டணத்துக்கு ஆகும், மோசமான மாதத்தில் அதுவும் ஆகாது. பதினேழில் ஐந்து கெட்டிலுக்கு அவர் லிங்க்கே போடவில்லை. ஏன் போடவில்லை என்று எழுதிய பக்கத்தைத்தான் நிறையப் பேர் படிக்கிறார்கள். நாத்தனார் படம் எடுப்பதில் கைதேர்ந்துவிட்டார். விரல் டீச்சர் ஒருவழியாக ஏழாம் பாடத்தை மறுபடி எடுத்துவிட்டார், பின்னணியில் சத்தமில்லை.

போன வாரம் ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. 'எனக்கு இடது கைப் பழக்கம். கெட்டிலில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கோடு ஒரு பக்கம்தான் இருக்கிறது. இடது கையில் பிடித்தால் அது எனக்குத் தெரிவதே இல்லை. என் போன்றவர்களுக்கு எது நல்லது?'

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரும் மேசைக்கு வந்து சொன்னதில்லை; அல்லது வந்தவர்களிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியிருக்கிறார். எழுந்து அடுப்படிக்குப் போனார். கெட்டிலில் தண்ணீர் பிடித்து இடது கையால் தூக்கினார். கோடு மறுபக்கம் போய்விட்டது. தலையைச் சாய்த்து, எட்டிப் பார்த்தார். அப்படியும் தெரியவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டார். "நாடாவை எடுத்துட்டு வாங்க."